புது கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, விண்டோஸ் வரலையா? ‘ஃபார்மட்’ கடைசி வழியாக இருக்கட்டும்!

மணிமுத்தாறில் இருந்து நெல்லைக்குச் சுமார் 45 கி.மீ. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், அரைநாள் போய்விடும். ஊரில் இருந்தபடியே ஐடி வேலை பார்ப்பவருக்கு அது அரைநாள் சம்பளம்.

வீட்டில் ஒருவர் எஸ்எஸ்டி போட்ட புது கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. திரையில் மட்டும், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி. ‘வாங்கி ரெண்டு நாள்கூட ஆகலையே அண்ணாச்சி’ என்று கடைக்கு போன் போட்டால், ‘கொண்டு வாங்க தம்பி, ஃபார்மட் அடிச்சிருவோம்’ என்று பதில் வருகிறது.

இந்தப் பதில்தான் சிக்கல். புது கம்ப்யூட்டர் பூட் ஆகாததற்கு எஸ்எஸ்டி செத்துப்போனதுதான் காரணம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. பல நேரங்களில் அது வெறும் செட்டிங் தகராறு.

மணிமுத்தாறு அணையில் 118 அடிக்குத் தண்ணீர் நின்றாலும், மதகைத் திறக்காமல் கால்வாயில் ஒரு சொட்டு வராது. கால்வாயின் 4 ரீச்சுகளில் எதற்கு முன்னுரிமை என்று உத்தரவும் வேண்டும். எஸ்எஸ்டி கதையும் இதேதான். உள்ளே விண்டோஸ் இருக்கும். எங்கிருந்து, எந்த வழியில் எடுப்பது என்று மதர்போர்டுக்குச் சொல்லப்பட்டிருக்காது.

முதல் கேள்வி: பெயர் தெரிகிறதா?

ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டினால் பயாஸ் திரை வரும் (கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும்). அங்கே எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மீதி எல்லாம் இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

பெயரே இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் இணைப்பில். எம்.2 வகை எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போட வேண்டும். பஸ் குலுக்கலில் லேசாக விலகினாலும் போச்சு. இன்னொன்று, எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் மற்றதைச் செருகினால் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால், கரண்டைப் பிடுங்கிவிட்டு நீங்களே திறந்து பார்க்கலாம். லேப்டாப் என்றால் வாரண்டி விதியைப் படிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

பெயர் இருக்கு, ஆனா பூட் ஆகலையா?

முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றுங்கள். பிறகு பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பழசுக்கும் புதுசுக்குமான சண்டை. பழைய கம்ப்யூட்டர்கள் ‘லெகசி’ முறையில், எம்பிஆர் வகையில் பிரித்த டிஸ்க்கில் இருந்து பூட் ஆகும். புதியவை யூஇஎஃப்ஐ முறையில், ஜிபிடி வகை டிஸ்க்கைத் தேடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பழைய டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துப் புது மெஷினில் போட்டவர்கள் உண்டு. அவர்கள் மாட்டுவது இங்கேதான். இதற்கு ஃபார்மட் தேவையில்லை. விண்டோஸிலேயே இருக்கும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி, டேட்டா அழியாமல் வகையை மாற்றித் தரும். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்வது நல்லது.

மூன்றாவது, இரண்டு டிஸ்க் குழப்பம். பழைய ஹார்ட் டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், பூட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பிறகு அதைக் கழற்றினால் எஸ்எஸ்டி முழிக்கும். இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் இன்னொரு வேடிக்கை. விண்டோஸ் இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே தெரியாது. ‘எஸ்எஸ்டி அவுட்டுங்க’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். விஎம்டி என்ற அமைப்புக்கான இன்டெல் டிரைவரை பென் டிரைவில் வைத்துக் கொடுத்தால் டிஸ்க் தெரிய வாய்ப்பு அதிகம்.

48 இலக்கம் பத்திரம்

பயாஸில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இப்போதைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்கை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. டிஸ்க் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு ஃபைலை நீக்கியதும் எழுந்துகொண்டன. ஆனால் பல இடங்களில் அந்தக் கீயைத் தேடுவதற்குள் பொழுது போய்விட்டது.

கடைக்காரர் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. காரணத்தைத் தேட ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குக் காசு கேட்டால் கஸ்டமர் முறைக்கிறார். ‘ஃபார்மட்’ என்றால் பேசாமல் கொடுத்துவிடுகிறார். கோளாறைக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளாத வரை, மெக்கானிக்கும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதையே தேர்ந்தெடுப்பார். இழப்பு உங்கள் போட்டோவும் ப்ராஜெக்ட்டும்தான்.

அதேநேரம், விற்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது. எந்த முறையில் விண்டோஸ் போடப்பட்டது, எந்த ஸ்லாட்டில் எந்த வகை எஸ்எஸ்டி, கீ எங்கே இருக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதி அலைச்சல் மிச்சம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, அந்த ஆண்டுக்கு ரூ.2,000 கோடி ஒதுக்கிய தமிழக அரசும், ஒவ்வொரு லேப்டாப் பெட்டியிலும் அப்படி ஒரு தாளை வைக்கலாம். செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

எல்லாம் பார்த்த பிறகும் எஸ்எஸ்டி உண்மையிலேயே பழுது என்றால், மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மணிமுத்தாறுக்காரர் சென்னைக்கு ஓட வேண்டாம், நெல்லை போதும்.

ஆனால் பஸ் ஏறுவதற்கு முன், பயாஸில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதகு மூடியிருப்பதற்கு அணையை இடிப்பார் உண்டா?