மதிப்பெண் வாங்கும் பேராசிரியர்கள்

பல்கலைக் கழகத்தில் ஒருவர் வெற்றி பெற்றுவிட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? துறைத்தலைவர், டீன், சிண்டிகேட் உறுப்பினர், துணைவேந்தர் என்று அவர் ஏறிய படிகளை வைத்துத்தான். ஏறும்போது கையில் ஏதாவது புத்தகம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்றுகூட ஒரு எண்ணம் இருக்கிறது.

மாணவனுக்கு மதிப்பெண் போட்டுவந்தவர் தாமே மதிப்பெண் வாங்குபவராக ஆனது 2010இல். பாடம் நடத்துவது, கருத்தரங்குக்குப் போவது, கட்டுரை எழுதுவது எல்லாவற்றுக்கும் பல்கலைக் கழக மானியக் குழு அந்த ஆண்டின் விதிகளில் புள்ளிகள் வைத்தது. நான் வங்கி குமாஸ்தா. எண்களின் மேல் எனக்கு விரோதமில்லை. பேரேட்டில் ஒரு தொகை எழுதினால் அதற்கு ஈடாக எங்கோ பணம் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இந்தப் புள்ளிகளுக்கு ஈடாக என்ன இருந்தது?

புள்ளிக்காகக் கட்டுரை, கட்டுரைக்காகப் பத்திரிகை, பணம் கட்டினால் எதையும் அச்சேற்றும் பத்திரிகை. 2018 மே மாதம் மானியக் குழு தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 பத்திரிகைகளை நீக்கியது. அதற்குப் பின் வந்த பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. மனோபாவம் மாறவில்லை.

விதிகளின் மேல் பழி போடுவது சுலபம். வேலை நிரந்தரமாகாத இளம் விரிவுரையாளர் புள்ளி சேர்க்க ஓடினால் நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. என் புகார் உச்சிக்குப் போய்விட்டவரைப் பற்றியது. அவருக்கு இனிப் புள்ளி வேண்டாம். யாருக்கும் பயப்படவும் வேண்டாம். நினைத்ததைப் படித்து நினைத்ததை எழுதும் சுதந்திரம் முதன்முறையாகக் கைக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார்? தேர்வுக் குழுவில் உட்காருகிறார். அணிந்துரை வழங்குகிறார். மாணவன் எழுதிய கட்டுரையில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார். படிப்பு பதவிக்காக என்று இருந்தால், பதவி வந்ததும் படிப்பு நின்றுபோவதில் ஆச்சரியமில்லை.

எடின்பரோவில் பீட்டர் ஹிக்ஸ் இருந்தார். 1964இல் அவர் எழுதியதற்கு 2013இல் நோபல் பரிசு வந்தது. இடைப்பட்ட ஐம்பது வருஷங்களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பத்தைத் தாண்டாது. சமீபத்தில் என்ன வெளியிட்டீர்கள் என்று துறை கேட்டால், ஒன்றுமில்லை என்று பதில் அனுப்புவாராம். இன்றைய நிலவரத்தில் தமக்குப் பல்கலைக் கழகத்தில் வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். வக்கீலாக இருந்த வையாபுரிப் பிள்ளை 1926இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியராக வந்து 1936இல் ஆறு தொகுதிகளையும் முடித்துக் கொடுத்தார். அவருடைய காலக்கணிப்புகளைக் கடுமையாகத் தாக்கியவர்கள் அநேகம். தாக்குகிறவனும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி அந்த லெக்சிகனைத்தான் புரட்டுகிறான். வெற்றி என்ற சொல்லை நான் இந்த இடத்தில்தான் உபயோகிப்பேன்.

வெளியே நிற்பவனின் பொறாமை என்பார்கள். இருக்கட்டும். கவிதை எழுதவும் விமர்சனம் எழுதவும் சிறுபத்திரிகைக்காரனுக்குப் பல்கலைக் கழகம் தேவைப்படவில்லை. ஆனால் ஏடுகளை ஒப்பிட்டு ஒரு சுத்தப் பதிப்பைக் கொண்டுவருவது, ஒரு சொல்லின் சரித்திரத்தை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேடிப்போவது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல. அதற்கு நூலகம் வேண்டும், சம்பளம் வேண்டும், இருபது வருஷம் வேண்டும். மூன்றும் நம்மிடையே பேராசிரியருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நடக்காது. அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பைசா குறையாது, நஷ்டம் எங்களுக்கு.

ஆகவே பணிநிறைவு விழாவில் மாலை போடுவதற்கு முன் ஒன்றை விசாரிக்கலாம். இவரை மறுப்பதற்காகவாவது நாளை யாராவது இவரைப் படித்தாக வேண்டுமா? ஆம் என்றால் மாலை போடலாம். இல்லையென்றால் சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவைத்தால் போதும்.