மஸ்கடேவுக்கு மார்க் போடாதீங்க!

ஒயின் பத்திப் பேச ஆரம்பிச்சாலே சில பேர் மூக்கை கிளாசுக்குள்ள விட்டுட்டு வெண்ணிலா, தேன், மழை பெஞ்ச காடுன்னு ஒரு பட்டியல் வாசிப்பாங்க. அப்படி வாசிக்கப் பெருசா ஒண்ணுமே இல்லாத வெள்ளை ஒயின் ஒண்ணு இருக்கு. பேரு மஸ்கடே. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான் :-)

பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், லுவார் நதி அட்லாண்டிக் கடலை நெருங்குற இடத்துல நாந்த் நகரம். அதைச் சுத்தி விளையுற சரக்கு இது. மஸ்கட் திராட்சைக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. இதோட திராட்சை மெலோன் த பூர்கோன். பேருல இருக்கிற மாதிரியே பர்கண்டியிலேர்ந்து வந்தது. 1709-ல அடிச்ச கடுங்குளிர்ல நாந்த் பக்கத்துக் கொடிகள் ஏகப்பட்டது செத்துப்போக, குளிர் தாங்குற இந்த ரகத்தைப் பரவலா நட்டாங்க.

சும்மா குடிச்சா என்ன தெரியும்? நல்ல புளிப்பு, லேசா எலுமிச்சை, கொஞ்சம் உப்புக்கரிக்கிற மாதிரி ஒரு உணர்வு. அவ்ளோதான். மார்க் போடறவங்க கையில சிக்கினா முதல் வரிசைக்கு வரவே வராது.

இப்போ பக்கத்துல ஒரு தட்டு பச்சை ஆய்ஸ்டர் வைங்க. கதையே மாறிடும். ஆய்ஸ்டர் மேல எலுமிச்சம்பழம் பிழியறோமே, அந்த வேலையை ஒயினோட புளிப்பே பாத்துக்கும். வாசனை கம்மிங்கறதால கடல் ருசியை அமுக்காது. ஈஸ்ட் வண்டலோடவே குளிர்காலம் முழுக்க தொட்டியில விட்டு வச்சு, வடிக்காம பாட்டில்ல அடைக்கிற முறை ஒண்ணு உண்டு. அதுக்கு ‘சூர் லீ’ன்னு பேரு. அதுலேர்ந்து ரொட்டி மாதிரி ஒரு மெல்லிய சுவையும் நாக்குல ஒரு சின்ன சுறுசுறுப்பும் கிடைக்கும்.

வேகவச்ச மஸ்ஸல், நாந்த் பக்கத்து வெண்ணெய் சாஸ் ஊத்தின ஆத்துமீன், ஆட்டுப்பால் சீஸ், எல்லாத்துக்கும் இது ஒத்துப்போகும். மாட்டுக்கறி வறுவலோட வச்சா மட்டும் காணாம போயிடும். மீனோட ரெட் ஒயின் குடிச்சா கவிச்சி அடிக்குதேன்னு நினைச்சிருக்கீங்களா? ஒயின்ல இருக்கிற இரும்புச்சத்துக்கு அதுல பங்கு இருக்குன்னு 2009-ல ஜப்பான் ஆய்வாளர்கள் சொன்னாங்க. ஆக, ஜோடிப் பொருத்தம்ங்கறது வெறும் பந்தா இல்லை.

மென்பொருள் வேலையில அடிக்கடி பாக்கறதுதான். தனியா டெஸ்ட் பண்ணினா எல்லா மாட்யூலும் பாஸ். சேர்த்து ஓட்டும்போதுதான் சாயம் வெளுக்கும். மஸ்கடே அதுக்கு நேர் எதிர். தனியா ஃபெயில், சேர்த்தா டிஸ்டிங்ஷன். சாப்பாட்டுக்குன்னே பொறந்த ஒயினை சாப்பாடு இல்லாம சோதிச்சு மார்க் போட்டா, தப்பு ஒயின் மேலயா, பரீட்சை மேலயா?

இது வெறும் ருசி விவகாரம் இல்லீங்க. ‘சாதா ஒயின்’னு முத்திரை விழுந்தா விலை ஏறாது. விலை ஏறலைன்னா, 1991 ஏப்ரல் மாதிரி ஒரு உறைபனி அடிச்சு விளைச்சல் போகும்போது விவசாயிக்குத் தாங்குற சக்தி இருக்காது. இந்த முத்திரையை மாத்தத்தான் 2011-ல கிளிசோன், கோர்ஜ், லு பாலே ஊர் ஒயின்களுக்குத் தனி அந்தஸ்து வாங்கினாங்க. இது மாசக்கணக்கு இல்லை, வருஷக்கணக்குல வண்டலோட கிடக்கிற கனமான வகை. நல்ல முயற்சிதான், மறுக்கலை. ஆனா பணக்கார ஒயின் மாதிரி வேஷம் கட்டினாத்தான் மரியாதைன்னு ஆயிட்டா, அந்த எளிமையான ‘சூர் லீ’யை யார் போடுவாங்க?

அதனால என் கட்சி இதுதான்: முதல்ல தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் கிளாசைப் பத்திப் பேசலாம். மாற்றுக்கருத்து இருந்தா தாராளமா வந்து கும்முங்க.

டிஸ்கி: குடி உடல்நலத்துக்குக் கேடு. குடிக்காதவங்களை ஆரம்பிக்கச் சொல்ற பதிவு இல்லை இது. ஏற்கெனவே குடிக்கிறவங்க மார்க்கைப் பாத்து ஏமாற வேணாமேன்னுதான்!