குழியைப் பார்த்தால் போதாது, பீலியையும் பார்க்க வேண்டும்

கிரவல் தோண்டி முடித்த குழியைக் குப்பை கொட்டும் இடமாக்குவது மலையகத்தில் புதிதல்ல. வீதிக்குக் கிரவல் எடுத்தவர்கள் போய்விடுகிறார்கள். குழி திறந்தபடி கிடக்கிறது. பிறகு நகரத்துக் குப்பையை ஏற்றிக்கொண்டு டிரக்டர் வருகிறது. "வெறும் குழிதானே, நிரம்பினால் நல்லதுதானே" என்கிறார்கள். அந்தக் குழிக்குக் கீழே லயம் இருக்கிறது, லயத்துக்குத் தண்ணீர் தரும் பீலி இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிரவலும் மேல்மண்ணும் போன இடத்தில் தண்ணீரை வடிகட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. மழை பெய்தால் குப்பையில் ஊறிய கறுத்த நீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி ஊற்றோடு கலக்கிறது. பழைய பெற்றரி, மருந்துப் போத்தல், கிருமிநாசினி டின் எல்லாவற்றின் நஞ்சும் அதில் இருக்கும். குழியில் தேங்கும் நீரில் நுளம்பும் குப்பையில் எலியும் பெருகும். டெங்கும் எலிக்காய்ச்சலும் பரவ இவையே வழி. குப்பையைத் தேடி நாய்கள் வரும். நாய்களைத் தேடிச் சிறுத்தை வரும். விடிய முன்பே பிரட்டுக்குப் போகும் நம் பெண்களுக்கு இதன் பொருள் தெரியும்.

பழைய குழியில் குப்பை போடவே முடியாதா என்று கேட்கலாம். புத்தளம் மாவட்டத்தில் அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் தோண்டிய இடத்தில்தான் கொழும்புக் குப்பைக்கான நிலநிரப்புத் தளம் அமைக்கப்பட்டது. அங்கே அடியில் நீர் இறங்காத விரிப்பு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு எல்லாம் வேண்டியிருந்தன. அப்படியிருந்தும் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். நம் தோட்டத்துக் குழிகளிலோ ஒரு தகரம்கூட விரிக்கப்படுவதில்லை.

மக்களின் முறைப்பாட்டைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மீதொட்டமுல்ல சாட்சி. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் அங்கே குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அயலில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகவே அதை அகற்றச் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. கிரவல் அகழ உரிமம் பெற்றவர் அந்த நிலத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டம் சொல்கிறது. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது.

பரிசோதனையும் நடக்கத்தான் செய்கிறது. எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி. அதிகாரிகள் வெயில் நாளில் வருகிறார்கள். தோட்டக் காரியாலயத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் குப்பைக்கு மேல் மண் போட்டு மூடப்படுகிறது. குழியின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கீழே லயத்துக்கு யாரும் இறங்கி வருவதில்லை. என்ன எழுதினார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதப்படும் அறிக்கையை நாம் எப்படி ஏற்பது?

ஆகவே நாம் கேட்பது இவைதான். பரிசோதனை நடக்கும் நாளைத் தோட்டத் தலைவருக்கும் மாதர் சங்கத்துக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மழைக்குப் பின்னும் ஒரு முறை வர வேண்டும். பீலியிலும் ஊற்றிலும் நம் முன்னிலையில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். அறிக்கையின் பிரதி தமிழில் நம் கைக்கு வர வேண்டும். குப்பை கொட்டுவது பிரதேச சபையே என்றால், அதை அந்தச் சபையே விசாரிப்பது முறையல்ல. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அதிகாரிகள் நேரில் வர வேண்டும்.

அறிக்கையைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லாமலே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. டிரக்டரில் குப்பை ஏற்றி வரும் தொழிலாளி நமக்கு எதிரியல்ல. கையுறைகூட இல்லாமல் அதை அள்ளுபவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். நம் கோபம் அவர் மேல் திரும்பக் கூடாது. நம் லயத்துக் குப்பையையும் ஓடையில் தள்ளாமல் இருப்போம். அதை அள்ளிச் செல்ல வரும்படி பிரதேச சபையிடம் கேட்போம். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை நீங்கிவிட்டது.

உங்கள் தோட்டத்தில் இப்படியொரு குழி இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசுங்கள். டிரக்டர் வரும் நாட்களைக் குறித்து வையுங்கள். மழைக்குப் பின் பீலித் தண்ணீர் நிறம் மாறினால் படம் எடுத்து வையுங்கள். கையொப்பமிட்ட கடிதத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். அடுத்த முறை அதிகாரிகள் வரும்போது, குழியின் விளிம்பில் நம்மவரும் நிற்க வேண்டும்.