தொடுதிரையும் தொழிலாளியும்

மும்பை புறநகர் ரயில் நிலையங்களில் டிக்கெட் வழங்கும் தானியங்கி இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. பயணிகள் கியூவில் கால்கடுக்க நிற்க வேண்டாம் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கவுண்டரில் "ஒரு தாதர்" என்று சொல்லிச் சில்லறையை நீட்டினால் டிக்கெட் கைக்கு வந்துவிடும். இயந்திரத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. திரையில் உள்ளதைப் படித்து, அடுத்தடுத்துச் சரியான இடங்களைத் தொட வேண்டும்.

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வேலைக்குப் போகும் தமிழர்களில் பலருக்கு இந்தியும் மராத்தியும் பேச வரும்; படிக்க வராது. எனவே அருகில் நிற்பவரின் தயவை நாட வேண்டியிருக்கிறது. டிக்கெட் விஷயத்தில் தவறு நேர்ந்தால் சில ரூபாயோடு போகும். வங்கியின் பண இயந்திரத்திலோ, ரகசிய எண்ணையே முன்பின் தெரியாதவரிடம் சொல்ல நேருகிறது. மாதச் சம்பளம் முழுவதும் பறிபோக இது ஒன்றே போதும்.

இதைப் படிப்பறிவின்மை என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. இன்றைய தொடுதிரைகளில் பெரும்பாலானவை, விரல் படும்போது ஏற்படும் சிறு மின் மாற்றத்தை உணர்ந்து இயங்குபவை. காய்ப்பேறி உலர்ந்த விரலை அவை சில வேளைகளில் உணர்வதில்லை. மழையில் நனைந்த விரலாலும் தடுமாறுகின்றன. உழைத்து உரமேறிய கைக்கே தொல்லை அதிகம் என்பது வேடிக்கை!

படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் மாண்டனர். கப்பலைச் செலுத்தும் தொடுதிரையின் குழப்பமான அமைப்பும், போதிய பயிற்சியின்மையும் விசாரணையில் காரணங்களாகக் கூறப்பட்டன. வேகத்தை இயக்கக் கைப்பிடிகளையே மீண்டும் பொருத்த அக்கடற்படை 2019இல் முடிவு செய்தது.

வழி இல்லாமல் இல்லை. 2014 ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் பண இயந்திரங்கள் பேசும் வசதியும் பிரெய்ல் விசைகளும் கொண்டிருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பார்வையற்றோருக்காக எழுந்த இந்த ஏற்பாட்டின் கருத்தை எல்லோருக்கும் விரிவாக்கலாம். முதல் திரையிலேயே ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் இருக்கட்டும். அவற்றில் தமிழும் இடம்பெறட்டும். ஒரு திரையில் ஒரே கேள்வி, பெரிய கட்டங்கள், படக்குறிகள், தொட்டதும் ஒலி, தவறினால் திரும்பிச் செல்ல எப்போதும் ஒரே இடத்தில் ஒரு குறி, பதறாமல் யோசிக்கப் போதிய அவகாசம் - இவை போதும்.

இயந்திரத்தை ஏற்குமுன் அதிகாரிகள் மட்டும் தொட்டுப் பார்த்தால் போதாது. மூட்டை தூக்கும் ஒருவரையும் வயதான ஒரு தாயையும் அழைத்து, யாரும் சொல்லித் தராமல் டிக்கெட் எடுக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் தேறினால்தான் இயந்திரம் தேறியதாகும்.

அதுவரை இயந்திரத்தைக் காரணம் காட்டி ஒரு கவுண்டரையும் மூடலாகாது. தொழிலாளர்களும் எவ்வளவு அவசரமானாலும் ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லாதிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கவனித்து ஆவன செய்வார்களாக!