மாடியில் ஒரு கம்பி போதும்!



"ரேடியோவா? அதெல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம். இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே!" என்று பலரும் சொல்கிறார்கள். செல்போன் இருக்கு, சரி. டவரே நின்றுவிட்டால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோதும் அதே கதைதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தன் ஹாம் ரேடியோ மூலம் அங்கே தவித்தவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பினார். ஒரு ரேடியோவும் ஓர் ஆண்டெனாவும் எத்தனை குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்திருக்கும்!

ஆகவே நம் பள்ளி மாடியில் ஓர் ஆண்டெனா வேண்டும் என்பது என் கருத்து. பணத்துக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். ரிச்சி தெருவில் போய் விலை அதிகமானதை வாங்கினால்தான் நன்றாகக் கேட்கும் என்பது தப்பான எண்ணம். முக்கியமானவை மூன்றுதான்.

முதலாவது நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர் கம்பி போதும். நிமிர்ந்து நிற்க ஒன்று, அடியில் குடைக்கம்பி மாதிரி சாய்ந்து நிற்க நாலு. மேல் கம்பியும் கீழ்க் கம்பிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அலுமினியக் கம்பி காயலான் கடையிலேயே கிடைக்கும்.

இரண்டாவது உயரம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். தரமணியில் நம்மைச் சுற்றி டைடல் பார்க் மாதிரி பெரிய பெரிய கட்டடங்கள். அதனால் ஜன்னலில் வைக்கும் விலை உயர்ந்த ஆண்டெனாவைவிட மொட்டை மாடியில் நிற்கும் சாதாரணக் கம்பியே மேல்.

மூன்றாவது ஒயர். கேட்பதற்கு மட்டும் என்றால் கேபிள் டி.வி. ஒயரே போதும். நடுக்கம்பியை மேல் கம்பியிலும், சுற்றியுள்ள வலையைக் கீழ்க் கம்பிகளிலும் இணைக்க வேண்டும். ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

"பழைய தூர்தர்ஷன் மீன்முள் ஆண்டெனா இருக்கே, அது போதாதா?" என்று கேட்கலாம். அது எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோமோ அந்தப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். ஸ்கேனிங் என்றால் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடி, குரல் வரும் இடத்தில் நின்று கேட்பது. குரல் எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு நிமிர்ந்த கம்பிதான் சரி.

இன்னொரு கேள்வியும் வரும். "போலீஸ் பேசறதை ஒட்டுக் கேட்கவா?" கூடவே கூடாது! அது தப்பு. நாம் கேட்க வேண்டியது ஹாம்களின் பேச்சு, வானொலி நிலையங்கள், 145.800-ல் வரும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரல். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் தொடங்கிய அண்ணா எப்.எம். 90.4 நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. உரிமம் பெற்ற ஹாம் ஒருவரை நம் பள்ளிக்கு அழைத்து, அவர் மேற்பார்வையில் கேட்டால் சட்டப்படியும் சரியாக இருக்கும். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி உரிமமே வாங்கலாம். நாமும் எழுதலாமே!

ஒரு எச்சரிக்கை: கரண்டு கம்பிக்குப் பக்கத்தில் ஆண்டெனாவைக் கட்டவே கூடாது. மாடிக்குப் பெரியவர்கள்தான் ஏற வேண்டும். இடி மின்னல் வந்தால் ஒயரைக் கழற்றி விட வேண்டும், ஆனால் அதை மின்னல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். கம்பி இலேசாக இருந்தால் புயலில் விழும் ஆபத்தும் குறைவு.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வருகிறது. வெள்ளம் வந்த பிறகு கம்பி தேட முடியாது. தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்தால், அறிவியல் மன்றத்தின் முதல் வேலையாக இதைச் செய்வோம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அரை மீட்டர் கம்பி ஆபத்துக்கு உதவாதா?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி