கொடி வாடுமுன் அறிவு வந்து சேரட்டும்

கண்டியைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றைப் பந்தலேற்றிப் பிழைக்கும் கமக்காரர் பலர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைகள் மஞ்சளாகிக் கருகத் தொடங்கியதும் அவர்கள் கடைக்கு ஓடுகின்றனர். கடைக்காரர் கொடுத்த மருந்தைத் தெளிக்கின்றனர். நோய் நிற்பதில்லை, கைக்காசுதான் கரைகிறது. காரணம் யாது?

நோய் இன்னதென அறியாமையே காரணம் என்போம். ஒன்றெனக் கருதப்படும் நோய்கள் இரண்டு உண்டு. இலையில் வெண்மாவு தூவினாற்போற் படர்வது சாம்பல் நோய். இலை நனையாமலே அது பரவும். நரம்புகளுக்கிடையே கோணல்மாணலாக மஞ்சட் புள்ளிகள் விழுந்து, விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தில் ஊதாச் சாம்பல் நிறப் பூஞ்சணம் தோன்றுமாயின், அது அடிச்சாம்பல் நோய். ஈரம் தங்கிய இலையிலேதான் அது பற்றும். அதைத் தோற்றுவிக்கும் உயிர், விஞ்ஞானிகள் கணக்கில், உண்மைப் பங்கசே அன்று. ஆகவேதான் முன்னதை அடக்கும் கந்தகம் பின்னதை அடக்குவதில்லை. மருந்தை மாற்றித் தெளிப்பவர் பணத்தை மண்ணிற் கொட்டுகிறார். பயனின்றி நஞ்சைக் காயில் ஏற்றுகிறார்.

காசின்றிச் செய்யத்தக்கவையும் உள. கொடிகளை நெருக்கி நடாதீர்கள். மாலையில் இலை நனைய நீர் ஊற்றாது, காலையில் வேரடியில் ஊற்றுங்கள். நோயுற்ற பழங்கொடிக்கு அருகே புதுக்கொடி நடாதீர்கள்.

அறிவு பிந்தினால் நேர்வதென்ன என்பதை இம்மலைநாடு முன்னரே கண்டிருக்கிறது. 1869 ஆம் ஆண்டில் கோப்பியிலையில் துருநோய் அறியப்பட்டது. 1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி, காற்றிற் பரவும் நுண்வித்திகளாலேயே நோய் தொற்றுகிறதென விளக்கினார். காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. துரைமார் பயிரை மாற்றிக்கொண்டனர். கோப்பித் தோட்டத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ கூலியின்றித் தவித்தனர்.

இன்று அறிவுக்குப் பஞ்சமில்லை. பேராதனையில் விவசாயத் திணைக்களம் உண்டு. பல்கலைக்கழக விவசாய பீடம் உண்டு. கன்னொருவையில் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் இவை தொலைவிலில்லை. ஆனால், அங்குள்ள அறிவு தமிழ்க் கமக்காரனின் பந்தலடிக்கு அவன் மொழியில் வந்து சேரவேண்டாமா? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை ஏட்டில் உறங்கினாற் போதாது. தமிழ் பேசும் விவசாயப் போதனாசிரியர் நிலத்துக்கு வந்து, இலையைப் புரட்டிக் காட்டி விளக்கவேண்டும்.

கற்ற தமிழருக்கும் இதிற் கடன் உண்டு. விவசாயம் பயின்ற பட்டதாரிகளும் ஆசிரியர்களும் மாதம் ஒருநாளேனும் கமக்காரரிடம் செல்லட்டும். கமக்காரரும் கடைக்கு ஓடுமுன் நோயுற்ற இலையோடு போதனாசிரியரை நாடட்டும். தமிழில் விளக்கம் கேட்கட்டும். கேட்பது பிச்சையன்று, உரிமை.