சந்தேகத்துக்கும் சாட்சி வேண்டும்

மாரண்டஹள்ளி டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "அகதின்னு வெளிநாடு போறவங்கள்ல பாதிப் பேரு கதை வுடறவங்கதான்பா." நான் சண்டைக்குப் போகவில்லை. லண்டன் நீதிபதிகளே அப்படி எழுதியிருக்கும்போது அவரை மட்டும் என்ன சொல்ல?

கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஈழத் தமிழரின் வழக்கு அது. கையிலும் முதுகிலும் சூட்டுத் தழும்புகள். இலங்கை அரசுப் படையின் காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்றார். கையில் சுடும்போது நினைவிருந்தது. முதுகில் சுடும்போது மயங்கிவிட்டார். கைத் தழும்பின் விளிம்பு கலங்கியிருந்தது, முதுகில் கூர்மையாக இருந்தது. சொன்னதோடு இது பொருந்துகிறது என்றார் மருத்துவர்.

2014இல் மேல் தீர்ப்பாயம் நம்பவில்லை. அடைக்கலம் கிடைக்க அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாமாம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்றது. நீதிபதி எலியாஸ் மட்டும் மறுத்தார். 2019 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. ஆள் வைத்துச் சுட்டுக்கொள்வது மிக மிக அரிது, அந்த அரிதுக்கு உரிய எடை கொடுங்கள் என்றார் நீதிபதி வில்சன்.

"சாட்சியை நேரில் பார்த்தவர் முடிவில் மேலே உள்ளவர்கள் கைவைக்கக் கூடாது" என்று ஒரு வாதம் உண்டு. பாதிதான் சரி. இந்தச் சந்தேகம் முகம் பார்த்து வந்ததல்ல, காகிதத்தில் போட்ட கணக்கு. கணக்கு தப்பா என்று பார்க்க முகம் எதற்கு? அகதி தன் கதையை முழுசாக நிரூபிக்க வேண்டியதில்லை, ஆபத்துக்கு நியாயமான சாத்தியம் இருந்தால் போதும் என்பதே அந்த வழக்கின்போது அங்கிருந்த சட்டம். அப்படியிருக்க, நீதிபதியின் ஊகம் மட்டும் ஆதாரமில்லாமல் எப்படி நிற்கும்?

நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பயனர் பிழை என்று எழுதினால், "நீங்கதான் ஏதோ மாத்தியிருப்பீங்க" என்று டிக்கெட்டை மூடிவிடுவேன். பிறகு லாக்கைத் திறந்தால் பிழை என் நிரலில் இருக்கும். எனக்குப் போனது ஒரு மதியம். கே.வி.க்குப் போனவை ஐந்து வருடங்கள்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. லண்டனில் நம்பாதவர் காரணம் எழுதியாக வேண்டும். எழுதியதால்தான் அது உடைந்தது. இங்கே நம்பாமல் இருக்க டீக்கடை பெஞ்சே போதும்.